‘தாவு’க்குக் கட்டிய கறுப்புக் கட்டம்

கோவில்பட்டியில் காசிராஜன் நடத்திவந்த அச்சாபீசுக்கு மூன்று வகை வேலைதான் வரும். தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு. லேபிள் வருஷம் பூராவும் ஓடும். பத்திரிகை முகூர்த்த மாதங்களில் மட்டும். கருமாதிக் கார்டுக்குக் காலமும் கிடையாது, நேரமும் கிடையாது. செத்த வீட்டு ஆள் காலையில் வந்து நின்றால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முன்னூறு கார்டு கட்டிக் கொடுத்தாக வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பிழை திருத்த என்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்பது காசிராஜனுக்கு ரொம்ப நாள் சந்தேகம். அந்த ஆள் ராமலட்சுமி. உள்ளூர்க் கல்லூரியில் கணக்குப் படித்து பி.எஸ்சி. வாங்கியவள். அவள் வேலைக்கு வந்த கதையே தனி. ஒரு கல்யாணப் பத்திரிகையில், உயிரோடு இருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டு எண்ணூறு பிரதி அடித்துவிட்டார்கள். அந்த மனிதர் தாமே நேரில் வந்து, தாம் இன்னும் காலம் செல்லவில்லை என்பதைச் சற்று உரத்த குரலில் எடுத்துச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை ராமலட்சுமி வேலையில் சேர்ந்தாள்.

அதன்பிறகு நாலு வருஷம் ஒரு தப்பும் வரவில்லை. வேறு முதலாளியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். காசிராஜனுக்குச் சந்தேகம்தான் வந்தது.

“தப்பே வரலியேம்மா. பெறகு தப்பத் திருத்த ஆளு எதுக்கு?” என்று மாதம் ஒருமுறையாவது கேட்பார். கோபமாகக் கேட்க மாட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்பார். 

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஈரம் காயாத புரூஃப் தாளை மேஜையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றி, முதல் எழுத்தில் கண்ணை வைக்கும்போது அவளுக்குள் ஒரு சத்தம் அடங்கும். இந்த ஊரில் தன் கண்ணுக்கு என்று ஒரு வேலை இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குத் தெம்பு. அது போய்விடக் கூடாது என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

எண்பத்தாறாம் வருஷம் தை மாதக் கடைசியில் பூவனநாதன் வந்தார். காசிராஜனுக்கு ஒன்றுவிட்ட மச்சினர், கடம்பூர்க்காரர். வரும்போது மறக்காமல் ஊர்ப் போளி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பெங்களூரில் என்னவோ படித்து, என்னவோ வேலை பார்த்து, இப்போது மதுரையில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார். தெற்கே உள்ள நாற்பத்திரண்டு நூல்மில்களிலும் ஜின்னிங் ஃபேக்டரிகளிலும் அவர் கொடுத்த கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் சும்மா ஓடாது, அதற்கு ஒரு பாஷையில் உத்தரவு போட வேண்டும் என்று அவர் சொன்னார். மில் ஆபரேட்டர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவரே ஒரு பாஷை செய்து, அதற்கு ‘ராட்டை’ என்று பெயரும் வைத்திருந்தார். தட்டுவது ஆங்கில எழுத்து, சொல் நம் சொல். ‘எடு’ என்றால் எடுக்கும், ‘கூட்டு’ என்றால் கூட்டும், ‘தாவு’ என்றால் இந்த வரியை விட்டுவிட்டு வேறு வரிக்குத் தாவிவிடும்.

“இப்ப ராட்டைக்கு மூணாவது பதிப்பு விடுதேன். அதுல புதுசா என்ன வந்திருக்கு, எதச் சரி பண்ணியிருக்கு, எத எடுத்திருக்குன்னு பதினாறு பக்கத்துல ஒரு சின்னப் புஸ்தகம். போன தடவை டைப் அடிச்சு ஸ்டென்சில் போட்டு அனுப்புனேன். ஒரு பய படிக்கல. இந்தத் தடவை ஒழுங்கா அச்சடிச்சே கொடுத்துருவோம்னு பாக்குதேன். நல்லா வந்துச்சுன்னா வருசத்துக்கு ரெண்டு புஸ்தகம் ஒங்களுக்குத்தான் மச்சான்” என்றார் பூவனநாதன்.

அவர் போனதும் காசிராஜன் ராமலட்சுமியைக் கூப்பிட்டார். வாயில் போளி இருந்ததால் கொஞ்சம் பொறுத்துத்தான் பேச முடிந்தது.

“இங்க பாரும்மா. லேபிளுக்கும் கார்டுக்கும் நீ வேண்டாம், அச்சுக் கோக்குற கொம்பையாவே பாத்துக்கிடுவாரு. ஆனா இந்த மாதிரிப் புஸ்தக வேலைக்கு நீ வேணும். இது ஒரு பிராதும் இல்லாமப் போச்சுன்னா நீ இங்கனயே இரு, நான் இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன். பிராதுன்னு ஒரு கார்டு வந்தாலும் பங்குனியோட நின்னுக்க. சரிதான?”

“சரி அண்ணாச்சி” என்றாள் ராமலட்சுமி. வேறென்ன சொல்ல.

கையெழுத்துப் பிரதியை விரித்ததும் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அவ்வளவு பிழை. பூவனநாதன் பாஷை செய்யத் தெரிந்தவரே ஒழிய, இருக்கிற பாஷையை எழுதத் தெரிந்தவர் இல்லை. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே நாலு விதமாக எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் ‘கம்பியூட்டர்’, மூன்றாம் பக்கத்தில் ‘கம்யூட்டர்’, நடுவில் திடீரென்று மரியாதை வந்து ‘கணிப்பொறியார்’ என்று ஓர் இடம். ராமலட்சுமி எல்லாவற்றையும் ஒரே சீராக்கினாள். சில தலைப்புகளுக்கு எண் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் எண் போட்டாள். ஆறாவதுக்கு அடுத்து எட்டாவது இருந்தது. ஏழாவது எங்கே என்று மதுரைக்குக் கடுதாசி போட்டுக் கேட்டாள். ‘ஏழு இல்லை, நான் எண்ணியது தப்பு’ என்று பதில் வந்தது.

எழுத்தைத் திருத்துவது லேசாகப் போயிற்று. கொம்பையாவைத் திருத்துவதுதான் பெரும்பாடு.

கொம்பையா முப்பது வருஷக் கம்போசிட்டர். எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே கை போகும். ஆனால் அவர் கை பழகியது லேபிளும் கார்டும். லேபிளில் எல்லா வரியும் நட்ட நடுவில் நிற்கும். ஆகவே ராட்டை பாஷையில் எழுதிய மாதிரி உத்தரவுகளையும் ஒவ்வொரு வரியாக நடுவில் நிறுத்திவைத்துவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

“அண்ணாச்சி, இது நடுவுல வரக் கூடாது. ஒரு உத்தரவுக்குள்ள வர்ற உத்தரவு நாலு எழுத்து தள்ளி ஆரம்பிக்கணும். மத்தது எடது கரையில நிக்கணும். எடம் மாறுனா கம்ப்யூட்டருக்குப் புரியாதாம்.”

“எடது பக்கம் ஒட்டிவச்சா வலது பக்கம் பூராவும் மொட்டையா நிக்கும்லா. பாக்க நல்லாவா இருக்கும்?”

“நல்லா இருக்காதுதான். ஆனா அப்படித்தான் வேணும்.”

கொம்பையா அவளை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பிரித்து இடது கரையில் அடுக்கினார். அடுத்த நாள் ஒவ்வொரு உத்தரவின் முடிவிலும் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. வாக்கியம் முடிந்தால் புள்ளி வைக்காமல் விட அவர் மனசு கேட்கவில்லை. ராமலட்சுமி எண்பத்து மூன்று புள்ளிகளையும் எடுக்கச் சொல்லி ஒவ்வொன்றாகச் சுழித்தாள். கொம்பையா அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவுதான்.

பதினோராம் பக்கத்துக்கு ‘இந்தப் பதிப்போடு நீக்கப்பட்டவை’ என்று தலைப்பு. நாலு உத்தரவுகள். முதலில் நின்றது ‘தாவு’. தாவச் சொன்னால் அது எங்கேயாவது தாவிவிட்டுத் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கிறதாம், மில்களில் வருகிற தொல்லையில் பாதி அதனால்தானாம். ‘தாவு, 1986 மார்ச் முதல் தேதியிலிருந்து இல்லை’ என்று பூவனநாதன் எழுதியிருந்தார். மற்ற மூன்றுக்கும் அதே வாசகம், அதே தேதி. பன்னிரண்டாம் பக்கம், அதாவது அதே தாளின் பின்பக்கம், ‘புதிதாக வந்தவை’. அதில் ஆறு உத்தரவுகள், எப்படி எழுதுவது என்ற விளக்கத்தோடு.

பதினோராம் பக்கம் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது என்று பூவனநாதன் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அதனால் ராமலட்சுமி ஓரத்தில், ‘இது தனித்துத் தெரிய வேண்டும். கட்டம் கட்டவும்’ என்று எழுதினாள்.

கொம்பையா அதைப் படித்தார். பக்கத்தையும் ஒருமுறை பார்த்தார். மேலே ஒரு பெயர், பக்கத்தில் ஒரு தேதி, ‘இல்லை’ என்று ஒரு சொல். எந்தக் கட்டம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் இப்படிப்பட்ட வாசகத்துக்கு அவர் ஒரே ஒரு கட்டம்தான் கட்டியிருக்கிறார். தடித்த கறுப்புக் கோடு விழும் ரூல் பட்டை நாலை எடுத்து, மூலை பிசகாமல் சேர்த்து, இறுக்கி மிஷினில் ஏற்றிவிட்டார்.

மிஷினிலிருந்து வந்த முதல் தாள் ராமலட்சுமி மேஜைக்கு வந்தது. அவள் கையெழுத்துப் போட்டால்தான் மிச்சம் ஓடும். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பதினாலாம் பக்கத்தில் தலைகீழாக நின்ற ஒரு ‘ட’வைக்கூடக் கண்டுபிடித்தாள். பதினோராம் பக்கத்தையும் மூன்று தடவை படித்தாள், எழுத்தில் ஒரு குறை இல்லை. கறுப்புக் கரையைப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். அன்று காலையில் மட்டும் இரண்டு வீட்டுக் கருமாதிக் கார்டு அவள் மேஜையைக் கடந்து போயிருந்தது. மூன்றாவதாக ஒரு கறுப்புக் கரை வந்ததில் அவள் கண்ணுக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இருநூற்றைம்பது பிரதியும் பார்சலாகி மதுரைக்குப் போயிற்று. அங்கிருந்து மில்களுக்குப் போயிற்று. ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று. ஒரு கார்டும் வரவில்லை. ராமலட்சுமி மத்தியானம் சோற்றுவாளியைத் திறக்கும்போது தனக்குத் தானே பாட்டு முனகுகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தாள். காசிராஜன்கூட ஒருநாள், “பரவாயில்லையே” என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

பன்னிரண்டாம் நாள் ஓர் ஆள் சைக்கிளை வெளியே நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். முப்பது வயசு இருக்கும். கையில் அந்தப் புத்தகம்.

“என் பேரு உக்கிரபாண்டி. நாகலாபுரம். எட்டயபுரம் ரோட்டு மில்லுல கம்ப்யூட்டர் ஆபரேட்டரா இருக்கேன். இந்தப் புஸ்தகம் இங்கன அடிச்சதுதான? கடைசிப் பக்கத்துல ஒங்க அச்சாபீஸ் பேரு போட்டிருந்துச்சு, அதான் மதுரைக்கு எழுதாம நேரா வந்துட்டேன்.”

“இங்கன அடிச்சதுதான். என்ன விசயம்?” என்றாள் ராமலட்சுமி.

“எனக்குப் பதினோராம் பக்கம் வேணும்.” கொஞ்சம் யோசித்தான். “இல்ல, பதினோராம் பக்கம் வேண்டாம். அதுக்குப் பின்பக்கம் மட்டும் வேணும்.”

“ஒங்க புஸ்தகத்துலயே இருக்குமே.”

“அதைக் கிழிச்சிட்டேன்.”

“எதுக்குக் கிழிச்சீங்க?”

உக்கிரபாண்டி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இது ஒரு கேள்வியா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“கருமாதிக் கார்டை யாராவது வச்சுக்கிடுவாகளாக்கா? படிச்சாச்சு, கிழிச்சாச்சு.”

ராமலட்சுமி எழுந்தாள். அலமாரியில் இருந்த பிரதியை எடுத்துப் பதினோராம் பக்கத்தைப் புரட்டினாள். அதே பக்கம், அதே எழுத்து. இப்போதுதான் அவளுக்குக் கரை தெரிந்தது. சுற்றிலும் விரல் தண்டிக்குக் கறுப்பு. உள்ளே தாவுக்கும் அதன் மூன்று கூட்டாளிகளுக்கும் தேதி போட்டு இரங்கல்.

உக்கிரபாண்டி விடவில்லை. பொறுப்பான ஆள். தான் செய்ய வேண்டியதை எல்லாம் முறையாகச் செய்ததை அவன் சொல்லாமல் போக முடியுமா?

“ஒரு கொறையும் வைக்கலக்கா. மூணு ஷிப்டுக்கும் நேர்ல போயிச் சொல்லிட்டேன், தாவு போயிருச்சுன்னு. பழசுல எங்கெங்க தாவு இருந்துச்சோ அம்புட்டையும் தேடி எடுத்தேன், ரெண்டு நாளாச்சு. பெறகு தாளைக் கிழிச்சுக் கெணத்துல போட்டுத் தலை முழுகிட்டுத்தான் சாப்பிட்டேன். இப்பப் பாத்தா தாவுக்குப் பதிலா என்ன எழுதணும்கிறது அந்தத் தாளுக்குப் பின்னாலதான் இருந்துச்சாம். அதுக்குள்ள அது கெணத்துக்குள்ள போயிருச்சு.”

காசிராஜன் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பதினோராம் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“ராமலட்சுமி, இது பிராதா, இல்லியா?”

“பிராதுதான் அண்ணாச்சி.”

அவள் பன்னிரண்டாம் பக்கத்தை ஒரு தாளில் அழகாகக் கையால் எழுதி உக்கிரபாண்டியிடம் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று, “பாவம், தாவு நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாலு நாளில் பதினோரு கார்டு வந்தது. எல்லாம் ஒரே சங்கதி, தாளைக் கிழித்தாயிற்று, பின்பக்கம் வேண்டும். ஒரு மில்லில் மேனேஜர் கறுப்புக் கரை ஆபீசுக்குள் ஆகாது என்று புத்தகத்தையே வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டாராம். மழை இல்லாததால் அது தப்பித்ததாம். நல்லவேளை, கரிசக்காட்டில் மாசி மாதம் மழையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. காசிராஜன் கார்டுகளை ஒவ்வொன்றாக அவள் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.  

கொம்பையா இரண்டு நாள் அவள் பக்கம் வரவே இல்லை. மூன்றாம் நாள் வந்தார்.

“ஏட்டி, நான் மொதலாளிகிட்டச் சொல்லிருதேன். ரூல எடுத்தது நான். நீ கட்டம்னுதான எழுதுன, கறுப்புன்னா எழுதுன?”

“கையெழுத்து என்னோடதுலா அண்ணாச்சி. மூணு தடவ பாத்துட்டுப் போட்டேன். இந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம் குடுக்காக. அது தெரியாமப் போச்சுன்னா நான் எதுக்கு?”

 கொம்பையா எழுத்துப் பெட்டிக்குத் திரும்பிப் போய், வேலை இல்லாமலே கொஞ்ச நேரம் எழுத்துகளைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

பூவனநாதன் வியாழக்கிழமை வருவதாகத் தந்தி வந்தது. தந்தியில் காரணம் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ராமலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுவர் முழுக்க அச்சாபீஸ் தொடங்கிய நாளிலிருந்து அடித்த கல்யாணப் பத்திரிகைகளின் மாதிரி, ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். மங்கிப்போன மஞ்சள், ரோஸ், பச்சை. கட்டிக்கொண்டவர்களுக்குப் பேரப்பிள்ளைகள்கூட வந்திருக்கும். ஆனால் பத்திரிகை அப்படியே இருந்தது. இந்த அச்சாபீசில் எத்தனை ஆயிரம் கருமாதிக் கார்டு அடித்திருப்பார்கள். ஒன்றுகூடச் சுவரில் இல்லை.

அவள் வாளியை மூடிவிட்டு எழுந்தாள்.

“கொம்பையாண்ணாச்சி, பன்னிரண்டாம் பக்கத்தை எழுத்து பிரிச்சுட்டீங்களா?”

“இல்ல, அப்படியே கட்டிவச்சிருக்கேன்.”

“அதைத் தனித் தாளா ஏத்துங்க. சுத்தி கறுப்பு வேண்டாம். பூக்கரை கட்டுங்க, நல்ல கல்யாணக் கரையாப் பாத்து. தலைப்ப மட்டும் செவப்பு மையில அடிப்போம். பின்பக்கம் ஒண்ணும் இருக்கக் கூடாது.”

கொம்பையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது அவருக்குத் தெரிந்த வேலை. மாங்காயும் கொடியுமாக இருந்த கரையை எடுத்தார். ‘புதிதாக வந்தவை’ நடுவில் சிவப்பாக நின்றது. உத்தரவுகளை மட்டும், இந்தத் தடவை யாரும் சொல்லாமலே, இடது கரையில் விட்டுவைத்தார். முதல் தாள் காய்ந்ததும் ராமலட்சுமி பக்கத்துக் கடையிலிருந்து மஞ்சள்பொடி வாங்கிவந்து, தண்ணீரில் குழைத்து, நாலு மூலையிலும் தடவினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பூவனநாதன் வந்தார். கையில் போளி இல்லை. அதைக் கவனித்ததும் காசிராஜனுக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்துவிட்டது.

“மச்சான், அது வந்து…” என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ராமலட்சுமி முன்னால் வந்து நின்றாள்.  

“சார், கட்டம் கட்டச் சொன்னது நான். எந்தக் கட்டம்னு சொல்லாம விட்டதும் நான். முதத் தாளப் பாத்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். மொதலாளி மேலயும் கொம்பையாண்ணாச்சி மேலயும் தப்பு இல்ல.”

பூவனநாதன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எத்தனை கார்டும்மா வந்துச்சு இங்க?”

“பதினொண்ணு. நேர்ல ஒரு ஆளு.”

“எனக்குப் பத்தொன்பது.” கைப்பையைத் திறந்து ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “ரெண்டாவது பதிப்பு விட்டப்ப எனக்கு ஒரு கார்டும் வரல, தெரியுமா? ஏன்னா ஒருத்தனும் பிரிச்சே பாக்கல. பழைய உத்தரவையே எழுதிக்கிட்டு இருந்தானுவ. நின்னுபோச்சு, நின்னுபோச்சுன்னு தினம் ட்ரங்க் கால். நான் பஸ் மாத்தி பஸ் மாத்தி மில்லு மில்லா அலைஞ்சேன். மணியாச்சி ஜங்சன் பெஞ்சுல படுத்து எந்திரிச்சதெல்லாம் உண்டு.”

அவர் கார்டுக் கட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். 

“இந்தத் தடவை நாப்பத்திரண்டு மில்லுல ஒருத்தன்கூடத் தாவு எழுதல. தாவால ஒரு மில்லுகூட நிக்கல. எடுத்துட்டோம்னு சொன்னா எவன் கேக்கான். செத்துப்போச்சுன்னு சொன்னாத்தான் நம்ம ஆளு கேப்பான் போலிருக்கு. ஒரு மில்லுல தாவுக்குப் பதினாறாம் நாள் வடை பாயசத்தோட சாப்பாடு போட்டிருக்கானுவய்யா.”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கடம்பூரில் இருந்து அவர் கூட்டிவந்த சிரிப்பு, மதுரை அதைக் கெடுக்கவில்லை. காசிராஜன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரிப்பது லாபம் என்று தெரிந்ததும் தாமும் சேர்ந்துகொண்டார்.

“ஆனா புது உத்தரவு ஆறும் கெணத்துக்குள்ள போயிருச்சே” என்றார் பூவனநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதுக்கு என்ன செய்ய?”

ராமலட்சுமி மஞ்சள் தடவிய தாளை அவர் முன்னால் வைத்தாள். “இத யாரும் கிழிக்க மாட்டாக சார்” என்றாள்.

பூவனநாதன் தாளைக் கையில் எடுத்தார். மாங்காய்க் கரையைப் பார்த்தார். மூலையைத் தொட்டு மோந்து பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் காலியாக இருப்பதையும் பார்த்தார்.

“கிழிக்க மாட்டான்” என்றார். “கம்ப்யூட்டருக்கு மேல ஆணி அடிச்சு மாட்டுவான்.” “இது யாரு யோசனை?” என்று கேட்டார்.

கொம்பையா வாயால் சொல்லாமல் மோவாயால் ராமலட்சுமியைக் காட்டினார்.

“இனிமே போறதுக்கெல்லாம் கறுப்பு, வாறதுக்கெல்லாம் மஞ்சள். கறுப்புக்குப் பின்பக்கம் ஒண்ணும் வேண்டாம். நாலாவது பதிப்பு ஆடியில. இந்தப் பொண்ணுதான் பாக்கணும் மச்சான்.” பிறகு தாளின் அடியைத் தட்டிக் காட்டினார். “அது சரி, கீழ எதுக்கு இம்புட்டு எடம் சும்மா கெடக்கு?”

“அங்கன பேரு வரும்” என்றார் கொம்பையா. “பத்திரிகைன்னா அழைக்கிறவுக பேரு இல்லாம எப்படி? கை தானா எடம் விட்டுருச்சு.”

“அப்ப போட்டுருங்க. என் பேரு, ஒங்க பேரு, இந்தப் பொண்ணு பேரு.”

“அச்சாபீஸ் நடத்துறவன் பேரு?” என்றார் காசிராஜன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அவர் பெயரும் சேர்ந்தது. முதல் வரியில்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குப் புரூஃப் வந்தது. ராமலட்சுமி பேனா மூடியைக் கழற்றி மேலிருந்து படித்தாள். கரையையும் இந்தத் தடவை ஒவ்வொரு மாங்காயாகப் பார்த்தாள். ஆறு உத்தரவிலும் குறை இல்லை. அடிக்கு வந்தாள். ‘தங்கள் வரவை விரும்பும்’ என்று போட்டு, காசிராஜன், பூவனநாதன், கொம்பையா, கடைசியில் ‘ராமலட்சுமி, பி.எஸ்சி., பிழை திருத்தம்’.

நாலு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பெயரை அவள் கண் தொட்டிருக்கிறது. மாப்பிள்ளை, பெண், தாய்மாமன், செத்தவர், செத்தவரின் பிள்ளைகள். பிழை திருத்துகிறவள் பெயர் எந்தத் தாளிலும் வருவதில்லை. வந்தால் அது பிழை, அதையும் அவள்தான் சுழிக்க வேண்டும். கை பழக்கத்தில் பேனா அந்த வரிக்கு மேல் போய்விட்டது. அங்கேயே நின்றது.

காசிராஜன் அவள் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

“பேரு அச்சாகிப்போச்சு. நாப்பத்திரண்டு மில்லுல வேற மாட்டப்போறான். இனிமே ஒன்ன எங்கன போயி நிப்பாட்டுறது?” என்றார், பெரிய நஷ்டம் வந்தவர் குரலில். சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் மேஜைக்குப் போய்விட்டார்.

ராமலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுத்து கலங்கித் தெரிந்தது. இப்படிக் கலங்கிய கண்ணோடு புரூஃப் பார்க்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். முந்தானையால் துடைத்துக்கொண்டு, தன் பெயரை இன்னொரு தடவை எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிழை ஒன்றும் இல்லை. ஓரத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதினாள்.